நோட்புர்காவுக்கு ஆற்றில் ஓர் அடக்கச் சாப்பாடு

நோட்புர்கா லிண்டிங்கருக்கு ஆறு ஆகாது. ஆற்றுக்கு வாசல் இல்லை, சீட்டு இல்லை, மூடும் நேரம் இல்லை. யார் வேண்டுமானாலும், காலைக்கூடக் கழுவாமல், எந்தக் கரையிலிருந்தும் இறங்கிவிடலாம். "கேப்பாரில்லாத தண்ணி" என்பார். அவருடைய சமையலறையிலிருந்து பார்த்தால் டான்யூப் தெரியும். அந்த ஒரு சன்னலுக்கு மட்டும் தடித்த திரை தைத்துப் போட்டிருந்தார்.

அப்படிப்பட்டவருடைய அடக்கச் சாப்பாடு அதே ஆற்றின் நடுவில், கிசெலா என்ற உல்லாசக் கப்பலில் நடந்தது. தொற்று வந்த முதல் வருடத்துக் கோடையில். நடத்தியவர் அவருடைய கணவர் ஓட்மார். முட்டாள்தனம் என்று தெரிந்தும் கூடப் போனவள் மகள் ஹைட்ரூன்.

நோட்புர்கா பவேரியாவில் நீடர்வீஸ் என்ற சிற்றூரில், ரொட்டிக் கடைக்காரர் மகளாகப் பிறந்தவர். நகராட்சி அங்கே திறந்தவெளி நீச்சல்குளம் கட்டியபோது சீட்டு கொடுக்க ஒரு கோடைக்கு மட்டும் ஆள் கேட்டார்கள். போய் உட்கார்ந்தார். ஓய்வு பெறும்வரை எழுந்திருக்கவில்லை. சீட்டுக் கொடுப்பது மட்டும்தான் வேலை. ஆனால் அந்தச் சீட்டுக் கூண்டிலிருந்து பார்த்தால் குளம் முழுவதும் தெரிந்தது. தெரிந்ததையெல்லாம் அவர் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

இறங்குவதற்கு முன் ஷவரில் குளிக்க வேண்டும். குளித்தேன் என்று வாயால் சொன்னால் செல்லாது. தலைமுடி சொட்ட வேண்டும். முழங்காலைத் தாண்டிய கால்சட்டையோடு இறங்கக் கூடாது, தாண்டியவர் நகரத் தலைவராகவே இருந்தாலும். ஒருமுறை தாண்டியவர் அவரேதான். வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

பிறகு துண்டு விவகாரம். நீடர்வீஸ்காரர்கள் விடிந்ததும் வந்து சாய்வு நாற்காலிகளில் துண்டை விரித்து இடம் பிடித்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பி நிதானமாகக் காலைச் சாப்பாடு சாப்பிடுவார்கள். நாடு முழுக்க உள்ள வழக்கம்தான். நோட்புர்கா அந்தத் துண்டுகளைத் திரட்டி வேலியில் மாட்டுவார், வீட்டு எண் வரிசைப்படி. எந்தத் துண்டு எந்த வீட்டினுடையது என்று அவருக்குத் தெரியும். எந்தத் துண்டு எந்த வீட்டுக்குப் போய்வருகிறது என்பதும் தெரியும். இரண்டாவதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வரிசையை மட்டும் கொஞ்சம் மாற்றி மாட்டுவார்.

ஓய்வுக்குப் பிறகு குளத்து வாசலுக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தனக்கு அடுத்து வந்தவரைக் கண்காணித்தார். அந்த ஆள் இரண்டே கோடையில் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

தொற்று வந்தது. கைகழுவு, தள்ளி நில், வரிசையில் வா, மூடு என்று அரசாங்கம் சொன்னது. நோட்புர்காவின் வாழ்க்கையில் அதைவிட நல்ல மார்ச் மாதம் வந்ததில்லை. "நாடு இப்பத்தான் ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கு" என்று மகளிடம் தொலைபேசியில் சொன்னார். நாடே அவருடைய குளம் மாதிரி ஆகிவிட்டது. வீட்டு நடையில் ஒட்டுநாடா ஒட்டி, ஓட்மார் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று கோடு போட்டார்.

ஏப்ரலில் அவருக்கே வந்தது. கையைக் கழுவச் சொன்னால் தட்டிக்கழிக்கிற ஓட்மாருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. எல்லா விதியையும் காத்தவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். யார் விதியை மீறி அவரிடம் கொண்டுவந்தார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

உள்ளே யாரையும் விடவில்லை. மியூனிக்கில் மின்தூக்கிகளைச் சோதித்துச் சான்று தருகிற பொறியாளர் ஹைட்ரூன். அங்கிருந்தே ஒருமுறை தாயுடன் தொலைபேசியில் பேசினாள். மறுநாள் நோட்புர்கா இல்லை. "கடைசியா என்ன சொன்னா?" என்று ஓட்மார் கேட்டார். "லைன் சரியில்லப்பா" என்றாள் ஹைட்ரூன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அடக்கம் நடந்தது. ஆளுக்கொரு மூலையில் சிலர் நின்றார்கள். பாதிரியார் முகமூடிக்குள் என்னவோ சொன்னார். பாடக் கூடாது. கை குலுக்கக் கூடாது. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

அங்கேதான் கோளாறு. நீடர்வீஸில் ஒருவரை மண்ணில் வைப்பது பாதி வேலை. மீதி வேலை அலோய்ஸ் பாயின்ட்னரின் விடுதிக் கூடத்தில் நடக்கும். சூப் வரும்; வேகவைத்த மாட்டிறைச்சி வரும், மேலே மூக்கைப் பிடுங்குகிற காரமுள்ளங்கித் துருவலோடு; பீர் வரும். முதலில் யாரும் பேசமாட்டார்கள். பிறகு புகழ்வார்கள். புகழ்ச்சி கணக்கில் சேராது. தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் யாரோ ஒருவர் பக்கத்து ஆளின் காதில் போனவரைப் பற்றி முதல் பொல்லாப்பைச் சொல்வார். அந்த ஆள் அடக்கமாட்டாமல் சிரிப்பார். அந்த முதல் சிரிப்பு விழும்வரை போனவர் போகவில்லை என்பது ஊர்க் கணக்கு.

"அவ இன்னும் சமையலறையிலதான் நிக்கிறா, ஹைடி" என்றார் ஓட்மார் தொலைபேசியில். "நான் தட்டை எடுத்தா முறைக்கிறா."

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"அவ முறைக்கும்போது எப்படிச் சாப்பிடறது?"

ஜூனில் ஹைட்ரூன் வந்து பார்த்தபோது அவருடைய சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. குளிர்பெட்டியில் நோட்புர்கா ஈஸ்டருக்கு வாங்கி வைத்த பன்றி இறைச்சி அப்படியே இருந்தது. மருத்துவர் சத்து மாத்திரை எழுதித் தந்தார். ஓட்மார் அதை வரிசையாக மேசைமேல் அடுக்கி வைத்தார், விழுங்கவில்லை. அறுந்துகொண்டிருக்கும் கயிற்றை ஹைட்ரூனுக்குப் பார்த்தாலே தெரியும். தொழிலே அது. ஆனால் எதை மாற்றினால் இது நிற்கும் என்று தெரியவில்லை.

ஓட்மாருக்குத் தெரிந்திருந்தது. அலோய்ஸிடம் போனார். ஹைட்ரூனும் கூட நின்றாள்.

"பத்துப் பேர், ஓட்மார். பத்துக்கு மேல ஒரு தலை உள்ள வந்தாலும் எனக்கு அபராதம்" என்றார் அலோய்ஸ். இருவரும் ஒரே பந்துருட்டுக் கழகத்தில் நாற்பது வருடமாகத் தோற்பவர்கள்.

"முப்பத்தெட்டுப் பேருடா. அவளோட அக்கா இருக்கா. கழகம் இருக்கு. நகரத் தலைவர் வேற வரேங்கிறார்."

"அதான் சொல்றேன். பத்து."

ஓட்மார் சட்டைப்பையிலிருந்து ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்து மேசையில் வைத்தார். பாஸாவிலிருந்து புடாபெஸ்ட் வரை ஆற்றுப் பயணம் மீண்டும் தொடங்குகிறது. பாதுகாப்பான பயணம், நிம்மதியான சாப்பாடு, நூறு பயணிகள் மட்டுமே.

"இதுல என்ன?"

"தெரிஞ்சவங்க முப்பத்தெட்டுப் பேர் உன் கூடத்துல சாப்பிட்டா குத்தம். தெரியாதவங்க நூறு பேர் கப்பல்ல சாப்பிட்டா சுற்றுலா."

அலோய்ஸ் துண்டுத்தாளை இரண்டுமுறை படித்தார். "அப்ப நாம ஒருத்தருக்கொருத்தர் தெரியாதவங்களா ஆயிடணும்."

"கஷ்டமா?"

"உன்னை மறக்கறது எனக்கு ரொம்ப நாள் ஆசைடா."

ஹைட்ரூன் இது நடக்காது என்று சொன்னாள். கப்பலிலும் ஒரே குழுவில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றமாட்டார்கள் என்றாள். அதற்குத்தான் தனித்தனியாகப் போகிறோம் என்றார்கள். கறுப்பு உடுத்திக்கொண்டு வந்தால் முதல் நாளே தெரிந்துவிடும் என்றாள். அதை மட்டும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். சுற்றுலாக்காரர்கள் மாதிரி வண்ணமாக உடுத்த வேண்டும் என்று முடிவானது.

நீடர்வீஸ்காரர்களிடம் வண்ணமாக இருப்பது ஒன்றே ஒன்றுதான். பாஸாவ் படகுத்துறையில், ஒருவரையொருவர் அறியாத இருபத்திரண்டு ஆண்கள், முதுகில் கழகத்தின் பெயர் தைத்த ஒரே பச்சை மேலங்கியில் கப்பலேறினார்கள்.

வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ப்ரோமெல். வடக்கே கடற்கரைப் பக்கத்துக்காரர். அதற்கு முந்தைய வருடம்வரை அதே கப்பலில் இரவு விருந்துகளில் மினுக்கும் கோட்டுப் போட்டுப் பாடியவர். பாட்டில் எச்சில் தெறிக்கிறது என்று தடை வந்ததும் நிறுவனம் அவரைச் சுகாதாரப் பொறுப்பாளர் ஆக்கியது. மைக்கைப் பிடித்த கையில் வெப்பமானி வந்தது. குரல் அப்படியே இருந்தது. "முப்பத்தாறு புள்ளி நாலு!" என்று அவர் அறிவிக்கும்போது கைதட்டத் தோன்றும்.

"அழகான அங்கி" என்றார் ஆறாவது பச்சை அங்கியிடம்.

"தள்ளுபடியில வாங்கினது" என்றார் ஆறாவது.

"எல்லாருமா?"

"பெரிய தள்ளுபடி, ஹெர் ப்ரோமெல்."

கப்பலில் விதிகள் எழுதிய பலகை ஒவ்வொரு திருப்பத்திலும் இருந்தது. நோட்புர்கா பார்த்திருந்தால் ஒவ்வொன்றின் முன்னும் நின்று படித்திருப்பார். நடைவழியில் முன்னே போவதற்கு ஒரு பக்கம், திரும்பி வருவதற்கு ஒரு பக்கம். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மேசைக்கு ஒரு வீட்டார் மட்டும். மேசைக்கும் மேசைக்கும் இரண்டு மீட்டர். ஓட்மாரின் வீடு நீடர்வீஸில், ஹைட்ரூனின் வீடு மியூனிக்கில். ஆக அவருக்கு ஒரு மேசை, அவளுக்கு ஒரு மேசை. முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு இருவரும் தனித்தனியே, எதிரும் புதிருமாக உட்கார்ந்து, நடுவே வெறுந்தரையைப் பார்த்தார்கள். ஓட்மார் சூப்பைக் கரண்டியால் இடப்பக்கம் தள்ளினார். பிறகு வலப்பக்கம் தள்ளினார். பணியாள் எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் மேல்தளத்தில் அந்நியர்கள் அறிமுகமானார்கள். நோட்புர்காவின் அக்கா கிரெஸென்ஸ், இந்த வேலையைத் தேவைக்கு மேல் சிறப்பாகச் செய்தார்.

"நீங்க எந்தப் பக்கம்?" என்று அலோய்ஸிடம் கேட்டார், ப்ரோமெல் கடந்துபோகும் நேரமாகப் பார்த்து.

"நீடர்வீஸ்ங்க."

"அடேயப்பா! நானும் அதே ஊருதான்! உலகம் எவ்வளவு சின்னதா போச்சு!"

ஹைட்ரூன் கண்ணை மூடிக்கொண்டாள்.

ப்ரோமெல் நின்றார். "மன்னிக்கணும். இவரோட சேர்த்து நேத்துலேர்ந்து பதினோரு பேர் என்கிட்ட நீடர்வீஸ்னு சொல்லியாச்சு. அது எவ்வளவு பெரிய நகரம்?"

"சின்ன ஊருதான்" என்றார் கிரெஸென்ஸ். "யாருக்கும் அங்க இருக்கப் பிடிக்காது. சமயம் கிடைச்சா கிளம்பிடுவோம்."

"பெரியம்மா, போதும்" என்றாள் ஹைட்ரூன் பல்லிடுக்கில்.

"யாரும்மா நீ? எனக்கு உன்னைத் தெரியாதே!" என்றார் பெரியம்மா, கூடுதல் சத்தமாக.

அன்று மாலை சமையற்காரர் வெளியே வந்தார். கப்பலில் மறுநாள் மதியத்துக்கு வேண்டியதை முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும். மீன், கோழி, காய்கறி என்று மூன்று வகை இருந்தது. நீடர்வீஸ்காரர்கள் ஒவ்வொருவராக, தற்செயலாக அந்தப் பக்கம் வந்தது போல, சமையலறைக் கதவில் தலையை நீட்டி, வேகவைத்த மாட்டிறைச்சி கிடைக்குமா, காரமுள்ளங்கியோடு, உருளைக்கிழங்கு போதும், அவசரமில்லை என்று கேட்டிருந்தார்கள்.

"இத்தனை வருஷமா இந்தக் கப்பல்ல இருக்கேன்" என்று சமையற்காரர் ப்ரோமெலிடம் கத்தினார். "ஒருத்தன் கேட்டதில்ல. இன்னிக்கு முப்பத்தெட்டு அந்நியங்க கேக்கறாங்க. இது என்ன சதி?"

ப்ரோமெல் யோசித்தார். ஒரே ஊர். ஒரே அங்கி. ஒரே மாட்டிறைச்சி. பிறகு, மேல்தளத்தில் தனியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்ற கிழவரிடம் போய், விதித்த தூரத்தில் நின்றார்.

"ஹெர் லிண்டிங்கர். யாரு செத்துட்டாங்க?"

ஓட்மாருக்குப் பொய் அவ்வளவு நேரம்தான் தாங்கும். "என் பொண்டாட்டி" என்றார்.

ஹைட்ரூன் ஓடிவந்தபோது எல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

"இது பதிவு செய்யப்படாத குழு" என்றார் ப்ரோமெல். "அடுத்த துறைமுகத்துல எல்லாரையும் இறக்கிவிட எனக்கு அதிகாரம் இருக்கு."

"இருக்கு" என்றாள் ஹைட்ரூன். "செய்யப் போறீங்களா?"

ப்ரோமெல் கையிலிருந்த விதிநூலைப் புரட்டினார். நீண்ட நேரம் புரட்டினார். அந்த நாட்டில் ஒருவர் மனம் இளகினாலும் அதற்கொரு பத்தி எண் வேண்டும். "சேர்ந்து கூடக் கூடாது" என்று படித்தார். "எழுந்து நடமாடக் கூடாது. மேடைப் பேச்சு கூடாது. பாட்டு..." இந்த இடத்தில் அவர் குரல் லேசாகப் பிசிறியது. "பாட்டு கூடாது. ஆனா முப்பத்தெட்டுப் பேர் அவங்கவங்க மேசையில, ஒரே நேரத்துல, தனித்தனியா துக்கப்படறதைப் பத்தி இதுல எதுவும் இல்ல."

"நன்றி" என்றார் ஓட்மார்.

"எனக்கு எதுவும் தெரியாது" என்றார் ப்ரோமெல். "அந்த அங்கியை மட்டும் கழட்டச் சொல்லுங்க. கண்ணு கூசுது."

மறுநாள் காலை அலோய்ஸ் தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்நியர் என்பதையும் மறந்து ஓட்மாரிடம் வந்தார். ஊரிலிருந்து தம்பி பேசினானாம்.

"விதி மாறிடுச்சுடா. இனிமே விசேஷம்னா ஐம்பது பேர் வரைக்கும் உக்காரலாமாம்."

"எங்க?"

"என் கூடத்துல."

இருவரும் கரையைப் பார்த்தார்கள். ஆஸ்திரியாவின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே கப்பல் ஊருக்கு எதிர்த்திசையில் நிதானமாக அவர்களைக் கடத்திக்கொண்டு போனது.

"இறைச்சி இங்க வெந்துட்டிருக்கு, அலோய்ஸ்" என்றார் ஓட்மார்.

மதியம் மணியடிப்பதற்கு முன்பே எல்லோரும் வந்துவிட்டார்கள். பச்சை அங்கி இல்லை. பெட்டிக்குள் ஒளித்து எடுத்துவந்த கறுப்புக் கோட்டுகள் கசங்கியபடி வெளியே வந்திருந்தன. மேசைகள் தீவுகள் மாதிரிக் கிடந்தன. நிஜமான அந்நியர்கள் சன்னல் ஓரமாக மீன் சாப்பிட்டார்கள். சூப் வந்தது. இறைச்சி வந்தது, துருவல் வெள்ளையாய்க் குவிந்து. சமையற்காரர் கோபத்தை எல்லாம் அதில் காட்டியிருந்தார், நன்றாகவே இருந்தது. முதலில் யாரும் பேசவில்லை. அது சரி, வழக்கம்தான். பிறகு புகழத் தொடங்கினார்கள்.

"கடமை தவறாதவ!" என்று நகரத் தலைவர் தன் தீவிலிருந்து கத்தினார்.

"நேரம் தவறாதவ!" என்று எதிர்மூலையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

"சுத்தம்!" என்றார் அலோய்ஸ். "அப்படியொரு சுத்தம்!"

ஹைட்ரூனுக்குக் கோளாறு எங்கே என்று புரிந்தது. பொல்லாப்பைக் காதோரம்தான் சொல்ல முடியும். இரண்டு மீட்டருக்கு அப்பால் இருப்பவரிடம் கிசுகிசுக்க முடியாது, கத்தவேண்டும். கணவர் முகத்துக்கு நேரே, செத்துப்போன மனைவியைப் பற்றி, அந்நியர்கள் நடுவில், யார் கத்துவார்கள்? கத்தினால் புகழ்ச்சிதான் வரும். முப்பத்தெட்டுப் பேரும் வாயில் நமைச்சலோடு உட்கார்ந்து, நாசூக்காக, உரக்க, பொய்யாகப் புகழ்ந்தார்கள். ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் ஓட்மார் ஒருமுறை தலையாட்டினார். இறைச்சித் தட்டு அவர் முன்னால் ஆவி விட்டு ஆவி விட்டு ஓய்ந்தது.

"தங்கமான மனசு!" என்றார் கிரெஸென்ஸ். அக்காவே சொன்னதும் கூடம் செத்துவிட்டது. தங்கம் என்று நோட்புர்காவை யாரும் சொன்னதில்லை.

ஓட்மார் முள்கரண்டியைக் கீழே வைத்தார். மடித்த துணியைத் தட்டின் பக்கத்தில் நேராக வைத்தார்.

"ஹைடி" என்றார், இரண்டு மீட்டருக்கு அப்பாலிருந்து. "நான் அறைக்குப் போறேன். எல்லாரும் நல்லபடியா சாப்பிடட்டும்."

நாற்காலி பின்னால் நகர்ந்தது. அவர் எழுந்து போனால் திரும்ப வந்து எந்த மேசையிலும் உட்காரமாட்டார் என்று ஹைட்ரூனுக்குத் தோன்றியது. இதற்குச் சான்று எதுவும் அவளிடம் இல்லை.

"அப்பா" என்றாள். குரல் போதவில்லை. கத்தினாள்: "அப்பா! அம்மா கடைசியா என்ன சொன்னாங்கன்னு கேட்டீங்கல்ல!"

கரண்டிச் சத்தம் நின்றது. சன்னல் ஓரத்து அந்நியர்களும் திரும்பினார்கள். ஓட்மார் பாதி எழுந்த நிலையில் நின்றார்.

"லைன் நல்லாத்தான் இருந்துச்சு. அம்மாவுக்கு மூச்சு வாங்குச்சு. நான் கேட்டேன், எப்படிம்மா இருக்குன்னு. அதுக்குப் பதில் சொல்லல. 'இங்க ஒரு நர்ஸ் இருக்கா. முகமூடியை மூக்குக்குக் கீழ போட்டிருக்கா'ன்னாங்க. 'ரெண்டு தடவை சொல்லிட்டேன், ஏத்திவிடலை. பேரு கேட்டா சொல்ல மாட்டேங்கிறா. நீ மேலிடத்துக்கு எழுதணும்'னாங்க. அப்புறம் வெச்சுட்டாங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லல. உங்களுக்கும் ஒண்ணும் சொல்லல, எனக்கும் ஒண்ணும் சொல்லல. நர்ஸ் மூக்கு. அவ்வளவுதான்!"

அவ்வளவையும் கத்தித்தான் சொன்னாள். ஏப்ரலிலிருந்து தொண்டையில் சுமந்ததை வேறு எப்படியும் வெளியே எடுத்திருக்க முடியாது. சொல்லி முடித்த பிறகுதான் நின்றுகொண்டிருக்கிறோம் என்பதே தெரிந்தது. உட்கார்ந்தாள்.

ஓட்மார் அவளையே பார்த்தார்.

"பேரு சொல்லலையா?" என்றார்.

"சொல்லலையாம்."

"நீ எழுதினியா?"

"எழுதல."

"எழுதவே இல்லையா?"

"இல்லப்பா!"

ஓட்மார் மெல்லத் திரும்ப உட்கார்ந்தார். "அடிப்பாவி" என்றார். "அப்ப அவ உன்னைத்தானே முறைச்சுட்டு நிக்கிறா! நான் என்னைன்னு நினைச்சு ரெண்டு மாசமா பட்டினி கிடந்தேன்!"

சொல்லிவிட்டு அவர்தான் முதலில் சிரித்தார். இருமல் மாதிரி ஒன்று வந்தது. பிறகு அது இருமல் இல்லை என்று தெரிந்தது. கிரெஸென்ஸ் துணியை வாயில் அடைத்துக்கொண்டார், பயனில்லை. அலோய்ஸ் மேசையைக் குத்தினார். ஹைட்ரூனுக்கு மூக்கிலும் கண்ணிலும் ஒரேயடியாக ஒழுகியது. காரமுள்ளங்கியை அவள் இன்னும் தொடவேயில்லை.

அதன்பிறகு யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. நகரத் தலைவர் கால்சட்டைக் கதையைச் சொன்னார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை, ஆனால் வீட்டுக்கு, ஷவரில் நனைந்த கால்சட்டையோடு ஊர் நடுவே நடந்துபோனதை அவர் வாயாலேயே இப்போதுதான் கேட்டார்கள்.

"என் துண்டைக் கொண்டுபோய்ப் பதினாலாம் நம்பர் வரிசையில மாட்டினாய்யா!" என்று அலோய்ஸ் கத்தினார். "என் வீட்டுக்காரி மூணு வாரம் பேசல!"

"பதினாலு யாரு வீடு?" என்று யாரோ கேட்டார்கள்.

"இங்கதான் உக்காந்திருக்கேன்" என்றது தூண் பக்கத்து மேசை. "கொஞ்சம் மெதுவா கத்து!"

"சின்ன வயசுல என் பொம்மையை எடுத்துத் தண்ணியில அமுக்கினவ!" என்றார் கிரெஸென்ஸ். "அது குளிக்கலையாம்!"

ப்ரோமெல் விதிநூலோடு ஓடிவந்தார். பாடக் கூடாது என்று இருந்தது. உரத்துப் பேசக் கூடாது என்று இருந்தது. சிரிப்பைப் பற்றி எதுவும் இல்லை. பயணிகளிடம் நிறுவனம் அதை எதிர்பார்க்கவில்லை போலும். கொஞ்சநேரம் பக்கங்களுக்கும் கூடத்துக்குமாய்த் தவித்துவிட்டு, நூலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் எல்லாச் சன்னல்களையும் திறந்துவிட்டார். கரையில் மிதிவண்டியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

சன்னல் ஓரத்து மேசையில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் வெகுநேரமாகக் கையை உயர்த்தியபடி இருந்தார். பச்சை அங்கிக் கூட்டத்தைச் சேராதவர். மேசைமேல் இருந்த பெயர்ச் சீட்டில் அவருக்கு ஊர் அவுக்ஸ்பர்க் என்று இருந்தது.

"மன்னிக்கணும்" என்றார். "நான் உங்க ஆளு இல்ல. சின்னப் பொண்ணா இருந்தப்ப, விடுமுறைக்கு உங்க ஊர்ப் பக்கம் வந்திருந்தோம். குளத்துக்குப் போனோம். கூண்டுல ஒரு அம்மா இருந்தாங்க. எங்க மொத்தக் குடும்பத்தையும் எல்லார் முன்னாலயும் திருப்பி அனுப்பிட்டாங்க. எங்கப்பா கடைசிவரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லித் திட்டினாரு. அது... அவங்களா?"

எல்லோரும் ஓட்மாரைப் பார்த்தார்கள். அவர் அந்தப் பெண்மணியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஷவர்ல குளிச்சீங்களா?" என்று கேட்டார்.

"அன்னிக்கா? இல்ல. எங்கப்பா, வேணாம், நேரா இறங்கலாம்னாரு."

"அப்ப சரியாத்தான் பண்ணியிருக்கா" என்றார் ஓட்மார். இறைச்சித் தட்டை அருகே இழுத்துக்கொண்டு, ஆறிப்போனதைப் பொருட்படுத்தாமல் வெட்டத் தொடங்கினார்.